விழுந்து கிடப்பது என்ன மரம்? விறகுக்கு ஆகுமா?

வரப்போரம் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. பெயர் தெரியவில்லை. சாம்பல் நிறப் பட்டை. வெட்டிய இடத்தில் பிசின் வடிகிறது. கோடையில் இலையே இல்லாமல் நிற்கும். விறகுக்கு விற்கலாமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒதிய மரம். கொப்பு நுனியில் மட்டும் இலை கொத்தாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியென்றால் சந்தேகமே இல்லை. ‘ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா’ என்பார்கள். விறகுக்கும் அது சுமார்தான். இப்போது தூக்க முடியாத கனம் கனக்கும், அவ்வளவும் தண்ணீர். காய்ந்தால் சப்பென்று ஆகிவிடும், அடுப்பில் மளமளவென்று எரிந்து முடிந்துவிடும். விலை பேச அலையாமல் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொப்புகளை வெட்டி நட்டால் துளிர்த்து உயிர்வேலியாகிவிடும். அந்த லாபம்தான் பெரிசு.

முள் மரம் ஒன்று விழுந்தது. கருவேலமா, சீமைக்கருவேலமா? (பரமக்குடி)

முள்ளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காயைப் பாருங்கள். மணி கோத்தது போல விதைக்கு விதை இடுங்கிய காய், உருண்டை மஞ்சள் பூ என்றால் நாட்டுக் கருவேலம். காய் அப்படி இடுங்காமல் வைக்கோல் நிறத்தில், பூ விரல் நீளக் கதிராக இருந்தால் சீமை. விறகில் இரண்டுமே முதல் தரம். சீமைக்கருவேலம் அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் எரியும். உங்கள் பக்கம் கரிமூட்டத்துக்கும் அதுதானே போகிறது. நாட்டுக் கருவேலமாக இருந்தால் மட்டும், நேரான அடித்துண்டை விறகில் சேர்க்காதீர்கள். கலப்பைக்கும் வண்டிக்கும் காலம் காலமாக உழைத்த வைரம் அது.

பழைய புளியமரம் விழுந்துவிட்டது. வியாபாரி உடனே டன் கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா? (மணப்பாறை)

அவசரப்படாதீர்கள். முதலில் அடிமரத்தை ஓர் இடத்தில் அறுத்து, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் கருஞ்சிவப்பாக வைரம் ஏறியிருந்தால் அது செக்குக்கும் உலக்கைக்கும், கறிக்கடையில் வெட்டும் கட்டைக்கும் உரியது. மரவாடியில் ஒரு வார்த்தை கேட்காமல் விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். கிளைகளை விறகாக்குங்கள்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு தருகிற சூடு ஏறக்குறைய ஒன்றுதான். புளி, சவுக்கு, வேலம் ஆகியவை உசத்தி என்பது அவற்றின் அடர்த்தியால்: ஒரு வண்டிப் பாரத்தில் அதிகக் கிலோ ஏறும், தணல் நெடுநேரம் நிற்கும். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீராக இருக்கலாம். எடைமேடையில் விற்பவருக்கு அது லாபம், வாங்கி எரிப்பவருக்குப் புகைதான் மிச்சம். வீட்டுக்கு என்றால் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்த புளி கோடரிக்கு மசியாது. தரையில் படாமல் அடுக்கி, இரண்டு மூன்று மாதம் வெயில் காட்டுங்கள். முனைகளில் வெடிப்பு விழுந்து, இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

உப்பங்கழி ஓரம் விழுந்த மரம். வெட்டினால் வெள்ளையாகப் பால் வருகிறது. (பரங்கிப்பேட்டை)

வெட்டுவதை உடனே நிறுத்துங்கள். தில்லை மரமாக இருக்கலாம். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். புகையும் கண்ணுக்கு ஆகாது. அரளியும் இப்படித்தான்: குச்சியைக்கூட அடுப்பில் வைக்கக் கூடாது.

புயலில் விழுந்த தென்னை எரியுமா? (பேராவூரணி)

மட்டை, பாளை, பன்னாடை நன்றாக எரியும். அடிமரம் ஈரத்தை லேசில் விடாது. முற்றிய மரமாக இருந்தால் அடிப்பகுதியைச் சட்டம் அறுக்கலாம். மிச்சத்தைத் தோப்பிலேயே மக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், அப்புறம் நிற்கிற மரத்துக்கும் ஆபத்து.

ரோட்டோரப் புளியமரம் என் வேலி மேல் விழுந்தது. எனக்குச் சொந்தமா? (திண்டிவனம்)

இல்லை, அது அரசு மரம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லாமல் கை வைக்காதீர்கள். சந்தனமோ தோதகத்தியோ (ஈட்டி மரம்) என்றால், உங்கள் பட்டா நிலத்தில் விழுந்திருந்தாலும் முதலில் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.