கடற்படைக் கப்பலைப் படமெடுத்து அனுப்பினால் என்ன தண்டனை?

கேள்வி: என் தம்பி விசாகப்பட்டினத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ஒப்பந்த வெல்டர். முகநூலில் பழக்கமான ஒரு பெண் கேட்டாள் என்று, உள்ளே நின்ற கடற்படைக் கப்பலைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். ஐயாயிரம் ரூபாயும் வாங்கியிருக்கிறான். இப்போது பயந்துபோய், எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்கிறான். மாட்டினால் எத்தனை வருஷம்?

பதில்: முதலில், போனில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அழித்ததைத் தடயவியல் ஆய்வகம் பெரும்பாலும் மீட்டுவிடும். அப்புறம் 'ஏன் அழித்தாய்?' என்ற கேள்விதான் அவனுக்கு எதிராக நிற்கும்.

இதற்கான சட்டம் 1923-ம் ஆண்டின் அரசு ரகசியங்கள் சட்டம். அதன் 3-வது பிரிவுதான் உளவு. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு, எதிரிக்குப் பயன்படக்கூடிய தகவலைச் சேகரித்தாலோ கொடுத்தாலோ குற்றம். விஷயம் ராணுவம், கடற்படை, கப்பல், கப்பல்தளம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 14 ஆண்டு வரை சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை. உங்கள் தம்பி விவகாரம் முதல் வகைக்குள் போக வாய்ப்பு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் எல்லாம் 'நோக்கம்' என்ற இடத்தில்தான் திரும்பும். கெட்ட நோக்கம் இல்லை என்றானால், பேச்சு, ரகசியத் தகவலை அனுமதியில்லாமல் பிறருக்குக் கொடுப்பது பற்றிய 5-வது பிரிவுக்கு இறங்கும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'நான் அரசு ஊழியர் இல்லையே' என்பது அங்கே உதவாது. அரசு ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்தே ஊகிக்க நீதிமன்றத்துக்கு இச்சட்டம் இடம் தருவதால், வாங்கிய பணம்தான் எனக்குப் பெரிய கவலை. வெளிநாட்டு உளவாளியின் பெயரோ முகவரியோ ஒருவரிடம் கிடைத்தாலே தொடர்பு இருந்ததாகக் கருத 4-வது பிரிவு வழிசெய்கிறது. இல்லையென்று காட்டும் பொறுப்பு அவர் தலையில்.

மரண தண்டனை வருமா என்று பலர் கேட்பதுண்டு. அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 147-வது பிரிவில், அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பவருக்கு. இது அந்த ரகம் அல்ல.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. 1994-ல் உளவு வழக்கில் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் மீதான புகாருக்கு ஆதாரமில்லை என்று சிபிஐ 1996-லேயே அறிக்கை தந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ஆகவே இன்றே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் 15100-ஐ அழையுங்கள், சட்ட உதவி மையம் வழிகாட்டும். தளத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் தானே போய்ச் சொல்வதா, எப்போது, எந்த வார்த்தைகளில் என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். கைதானால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அந்தப் பெண்ணுக்குப் பதில் போட வேண்டாம். ஐயாயிரத்தைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், அதுவும் ஒரு தொடர்பாகவே பதிவாகும்.