பதுளையிலிருந்து வந்த ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1951 முதல் 1970 வரை ஊருக்கு அனுப்பிய பணத்தையெல்லாம் இலங்கை ரூபாயில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அது இந்திய ரூபாயில் எவ்வளவு என்று பார்க்க, இரண்டு நாட்டுக்கும் டாலர் மதிப்பின் ஆண்டுச் சராசரியை எடுத்து வகுத்தேன். 1965க்கு 1.00 வருகிறது. 1966க்கு 1.34, 1967க்கு 1.5 சொச்சம். இலங்கை ரூபாய் நம்முடையதைவிட உயர்வாக இருந்ததா, இல்லை நான் தலைகீழாக வகுத்துவிட்டேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

தலைகீழாக வகுக்கவில்லை. 1966 ஜூனுக்குப் பிறகு சில ஆண்டுகள் இலங்கை ரூபாய்தான் உயர்வு. ஆனால் உங்கள் 1.34 என்ற எண்ணில் ஒருநாள்கூடப் பணம் மாறியதில்லை.

இந்த இரண்டு ரூபாய்க்கும் நடுவில் டாலர் அல்லது பவுண்டு என்ற மூன்றாவது நாணயம் ஒன்று எப்போதும் உண்டு. 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியபோது அந்நாட்டு ரூபாய்க்கு 2.88 கிரெய்ன் (ஓர் அவுன்ஸில் 480இல் ஒரு பங்கு எடை) தங்கம் என்று சட்டத்தில் எழுதினார்கள். இந்திய ரூபாயின் தங்க மதிப்பும் அதேதான். அவுன்ஸ் 35 டாலர் என்ற கணக்கில் இரண்டுமே 21 சென்ட். அதாவது டாலருக்கு 4.76 ரூபாய், பவுண்டுக்கு 13.33 ரூபாய். ஆகவே 1951 முதல் 1966 ஜூன் 5 வரை உங்கள் நோட்டில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று. (ரூபாய் என்ற பெயர் ஒன்றாக இருந்தால் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1949இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பாகிஸ்தான் குறைக்க மறுத்ததால், 1955 வரை அவர்களுடைய 100 ரூபாய்க்கு நம்முடைய 144 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது.)

1966 ஜூன் 6 அன்று இந்தியா டாலரை 4.76இலிருந்து 7.50க்கு ஏற்றியது. இதை 36.5 சதவீத மதிப்புக் குறைப்பு என்பார்கள். டாலர் வாங்குகிறவருக்கு அது 57.5 சதவீத விலையேற்றம். இரண்டும் ஒரே செய்திதான், எதை அடியாக வைத்து வகுக்கிறோம் என்பதுதான் வேறுபாடு. பழைய பத்திரிகைகளைப் படிக்கும்போது இதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். இலங்கை அன்று அசையவில்லை. 7.50ஐ 4.76ஆல் வகுங்கள்: ஒரு இலங்கை ரூபாய்க்கு இந்திய ரூபாய் 1.575.

1967 நவம்பரில் நிலைமை மாறியது. பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. இலங்கை அதைவிடக் கூடுதலாக, 20 சதவீதம் குறைத்து, டாலரை 5.95 ஆக்கியது. இந்தியா இம்முறை பின்தொடரவில்லை. 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26.

ஆக, 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சராசரி வேண்டவே வேண்டாம். 1966இன் இந்தியச் சராசரி 6.36 என்று பட்டியலில் இருக்கும். அது ஐந்து மாதத்து 4.76ஐயும் ஏழு மாதத்து 7.50ஐயும் கலந்து வந்தது. மார்ச்சில் அனுப்பிய 200 ரூபாய் ஊரில் 200தான். ஆகஸ்டில் அனுப்பியது 315. உங்கள் கணக்குப்படி இரண்டும் 268 ஆகிவிடும். நோட்டில் தேதி இருக்கிறதல்லவா, அதை வைத்தே பிரியுங்கள்.

சிக்கல் 1968 மேயில்தான் தொடங்குகிறது. அந்த மாதம் இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையை, அதாவது பரிமாற்றத்தின் வகைக்கேற்ப டாலருக்கு இரண்டு விலை வைக்கும் முறையை, கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்குப் பழைய 5.95, மற்ற பல பரிமாற்றங்களுக்கு அதற்கு மேல் 44 சதவீதம், பின்னர் 55 சதவீதம் கூடுதல். 44 சதவீதம் சேர்த்தால் டாலர் 8.57 ரூபாய். அப்போது ஒரு இலங்கை ரூபாய்க்கு 0.875 இந்திய ரூபாய்தான். ஒரே நாளில் ஒரே 100 ரூபாய் 126 ஆகவும் இருக்கலாம், 87.50 ஆகவும் இருக்கலாம். பட்டியல்கள் பெரும்பாலும் 5.95ஐ மட்டுமே காட்டும். பணம் எந்த விகிதத்தில் போனது என்பதை வங்கி ரசீது அல்லது ஊரில் பெற்றுக்கொண்ட தொகைதான் சொல்லும். வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் கைமாறும் உண்டியல் வழியாகப் போயிருந்தால் எந்தப் பட்டியலும் உதவாது.

ஊர்ப் பக்கத்துக் கடிதங்களோ ரசீதுகளோ கிடைத்தால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 வரை 16 அணா. ‘ரூ. 62-8-0’ என்றிருந்தால் அது 62.50, 62.80 அல்ல. ஓர் அணா 6.25 சதம்.

எண்களைச் சரிபார்க்க சர்வதேச நாணய நிதியத்தின் புள்ளிவிவரத் தொகுப்பு போதும். அதில் ‘ஆர்எஃப்’ (rf) என்ற வரிசை சராசரி, ‘ஏஇ’ (ae) என்பது கால இறுதி. இரு நாட்டுக்கும் ஒரே வகை வரிசையை, அதுவும் மாதவாரியாக எடுங்கள். ஒன்றில் சராசரி, மற்றதில் இறுதி என்று கலந்தால் மதிப்புக் குறைப்பு நடந்த ஆண்டில் விடை கோணலாகும். 1972 மே மாதத்துக்கு முன் அச்சான தொகுதிகளில் ‘ஸ்ரீலங்கா’ என்று தேடினால் கிடைக்காது. ‘சிலோன்’ என்று தேடுங்கள்.

அந்தப் பணம் இன்று எவ்வளவு என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் அனுப்பிய நாளின் விகிதத்தில் இந்திய ரூபாயாக மாற்றுங்கள், பிறகு இந்திய விலைவாசிக் குறியீட்டெண் அன்றிலிருந்து எத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். பழைய இலங்கை ரூபாயை இன்றைய விகிதத்தில் மாற்றினால், 1977 நவம்பரில் டாலர் 16 ரூபாய்க்குப் போனது முதல் 2022 சரிவு வரை இலங்கை ரூபாய் இழந்த மதிப்பு முழுவதையும் தாத்தாவின் கணக்கிலிருந்து கழித்துவிடுவீர்கள்.