பழைய ஹொண்டா சி.ஆர்.இசட் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கல்முனை வாசகர் ஒருவர், மட்டக்களப்பில் விற்பனைக்கு வந்திருக்கும் 2011ஆம் ஆண்டு ஹொண்டா சி.ஆர்.இசட் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும்) காருக்கு உரிமையாளர் 70 இலட்சம் ரூபாய் கேட்கிறார் என்றும், "இனி இந்தக் கார் நாட்டுக்குள் வராது, விலை ஏறுமே தவிர இறங்காது" என்று தரகர் அடித்துச் சொல்கிறார் என்றும் எழுதி, நியாயமான விலையை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தரகர் சொல்வதில் பாதி உண்மை. இந்தக் காரின் உற்பத்தி 2016இல் நின்றுவிட்டது. இவ்வளவு பழைய காரை இப்போது இறக்குமதி செய்யவும் முடியாது. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட தட்டுப்பாட்டுக் காலத்து விலைதான் பல உரிமையாளர்களின் மனதில் இன்னும் நிற்கிறது. ஆகவே அன்றைய விலையையோ அவர் வாங்கிய விலையையோ விட்டுவிட்டு, கடந்த இரண்டு மாதங்களில் இதே ரகத்துக்கு வந்த விளம்பரங்களைத் திரட்டி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, நடுவிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கேட்கும் விலை மட்டுமே. கைமாறும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும்.

இதே ரகம் என்பதைக் கவனமாகப் பாருங்கள். செசி இலக்கம் இசட்.எஃப்.1 என்று தொடங்கினால், 100.8 வோல்ற் நிக்கல் ஹைபிரிட் பற்றரி பூட்டிய முதல் வடிவம், இசட்.எஃப்.2 என்றால் 2012 பிற்பகுதியில் வந்த, 144 வோல்ற் லித்தியம் பற்றரி உள்ள வடிவம். உங்களுடையது முதல் வடிவம் என்பதால் இரண்டாவதன் விலையோடு அதை ஒப்பிடக் கூடாது. பதிவு ஆண்டை உற்பத்தி ஆண்டுபோலச் சொல்லி விற்பவர்களும் உண்டு.

விலையைத் தீர்மானிக்கும் பெரிய விடயம் அந்தப் பற்றரிதான். முதலில், இரவு முழுவதும் நின்ற காரை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல நிலையிலுள்ள காரில் ஹைபிரிட் மோட்டாரே எஞ்சினைச் சுழற்றிவிடும் என்பதால் சத்தம் பெரிதாகக் கேட்காது. சாதாரண கார்போல "கிர்ர்" என்று ஸ்டார்ட்டர் இரைந்தால், நமது வெப்பமான ஊரில் அது பற்றரி தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். பிறகு கல்முனையிலிருந்து களுவாஞ்சிகுடி வரை ஏ4 வீதியில் ஓட்டி, பற்றரி அளவைக் காட்டும் கோடுகளைக் கவனியுங்கள். அவை மெதுவாக ஏறி இறங்க வேண்டும். பாதிக்கு மேல் நின்ற கோடுகள் திடீரென அடிமட்டத்துக்கு விழுந்தால், அந்தப் பற்றரி மாற்ற வேண்டியது என்றே கணக்கிட்டு, ஹைபிரிட் வேலை தெரிந்த கராஜில் எழுத்தில் விலை கேட்டு, முழுத் தொகையையும் கழியுங்கள். குறை எதுவும் தெரியாவிட்டாலும், தொழிற்சாலையில் பூட்டிய அதே பற்றரி என்றால் பாதியையாவது கழிப்பது நியாயம் என்பது என் கருத்து. மாற்றியாயிற்று என்று சொன்னால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்; பழைய செல்களில் நல்லவற்றைப் பொறுக்கிச் சேர்த்ததைப் புதிய பற்றரியாக ஏற்க முடியாது.

பற்றரி டிக்கித் தளத்தின் கீழே இருப்பதால் நம் பிரதேசத்தில் இன்னொரு கவலையும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் அந்தக் கார் எங்கே நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, மூலைகளில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். ஆசனப்பட்டியை முழுமையாக இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் கறைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விலை பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். கடற்கரையை அண்டி நின்ற கார்களில் உப்புக் காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். காரைத் தூக்கி, புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசிய இடங்களைத் தட்டிப் பாருங்கள்.

கையால் கியர் மாற்றும் கார் என்றால், கிளச்சை ஐந்தாம் கியரில் சோதியுங்கள்: எக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் அதன் செலவும் உங்கள் தலையில்தான். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்தியது, பெரிய சைலன்சர், அலங்கார ரிம் ஆகியவற்றுக்கு ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

உதாரணத்துக்கு, நடுவிலை 65 இலட்சம், பற்றரிக்கு 4, கிளச்சுக்கும் ரயருக்கும் 2 என்று வந்தால் 59. பின்னாசனம் பெயரளவுக்கே உள்ள இரண்டு கதவுக் காருக்குக் கிழக்கில் ஆட்கள் குறைவு. நாளை நீங்கள் விற்கும்போதும் காத்திருக்க வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு குறைத்து, 57இல் பேச்சைத் தொடங்கி 59இல் நிற்பேன்.

பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், மீதிக் கடனை அந்த நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்தி, விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகே மிகுதியை உரிமையாளரிடம் கொடுங்கள்.