கமோடியஸாக ஒரு வீடு

கேள்வி: பழைய ஆங்கில நாவல்களில் 'கமோடியஸ்' வீடு என்று வருகிறது. 'விசாலமான' என்கிறது அகராதி. பாத்ரூம் கமோடுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இந்தச் சொல்லை இப்போது எழுதலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சம்பந்தமா? ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! லத்தீனில் 'கொமோடுஸ்' என்றால் தோதானது, வசதியானது. பிரெஞ்சுக்காரர்கள் இழுப்பறை வைத்த குட்டை அலமாரிக்கு 'கொமோட்' என்று பேர் வைத்தார்கள். ஆங்கிலேயர்கள் சட்டியை உள்ளே ஒளித்துவைத்த நாற்காலிக்கும் அதே பேரைச் சூட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் நாற்காலி போய்ப் பீங்கான் வந்தும் பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எழுதலாம். வீட்டு புரோக்கரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். "கமோடியஸா வேணும்" என்றால், "ரெண்டு பாத்ரூம்லயும் வெஸ்டர்ன்தான் மேடம்" என்பார்.

கமோடியஸ் முதலில் இடத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பயனுள்ளது, சௌகரியமானது, அவ்வளவுதான். விசாலம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் பொட்டல் மைதானத்தை ஸ்பேஷியஸ் எனலாம். கமோடியஸ் என்றால் பொருந்தாது. நாலு பேர் பாய் விரித்துப் படுத்த பிறகும், தண்ணீர் குடிக்க எழுந்தவர் யார் காலையும் மிதிக்காமல் அடுப்படிக்குப் போய்வர முடிந்தால் அது கமோடியஸ் வீடு.

நம் 'வசதி' வந்த வழியோ நேரெதிர். வடமொழி 'வஸதி' என்றால் குடியிருக்கும் இடம். கர்நாடகத்துச் சமணக் கோயில்களைப் 'பசதி' என்பதும் அதிலிருந்துதான். ஆங்கிலேயர்கள் வசதியிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். நாம் வீட்டிலிருந்து வசதிக்கு வந்து, அங்கேயும் நிற்காமல் 'வசதியான இடத்துச் சம்பந்தம்' வரை போய்விட்டோம்.

அதே லத்தீன் வம்சத்தில் இன்னொரு வாரிசு, 'அக்காமடேஷன்'. இரண்டு சி, இரண்டு எம். (எழுத்துப்பிழை பற்றிய என் பழைய புலம்பலைக் கேட்டுச் சலித்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.) ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் போர்டில் ஒரே ஒரு எம். விடுவேனா? மேனேஜரிடம் கேட்டேன். "போர்டுல இடம் பத்தல சார்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய் ரூமைத் திறந்தேன். கட்டில் போக மிச்சமிருந்த இடத்தில், என் சூட்கேஸுக்கும் அந்த இரண்டாவது எம்மின் கதிதான்.