மரத்துப்போன பாதத்துக்கு ‘நரம்பு ஜெல்’ ஊசி: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. 15 வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு பாதங்களும் மரத்துவிட்டன. ராத்திரியில் எரிச்சல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பயோமெட்டீரியல் ஜெல்லை ஊசியில் ஏற்றினால் கெட்டுப்போன நரம்பு மறுபடி வளரும் என்று ஒருவர் சொல்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அனுப்பியிருக்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டினால்தான் சோதனைத் திட்டத்தில் இடம் கிடைக்குமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

அவர் அனுப்பிய கட்டுரைகள் அநேகமாக உண்மையானவையாகவே இருக்கும். சிக்கலே அங்கேதான். பயோமெட்டீரியல், அதாவது உடம்புக்குள் வைக்கத் தகுந்த பொருள், வைத்து நரம்பை ஆற்றும் துறை நிஜமானது. விபத்தில் கையில் ஒரு நரம்பு அறுந்துவிடுகிறது, இரண்டு முனைகளையும் இழுத்துத் தைக்க முடியாதபடி நடுவில் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் என்ற புரதத்தில் செய்த மெல்லிய குழாயை நடுவே வைத்து, இரு முனைகளையும் அதற்குள் செருகித் தைப்பார்கள். நரம்பிழைகள் அந்தக் குழாய்க்குள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் நீண்டு மறுமுனைக்குப் போகும். குழாய் பிறகு தானே கரைந்துவிடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் செய்த குழாயும் உண்டு. எல்லாமே 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு இடைவெளிகளுக்குத்தான். அதற்கு மேல் போனால், நோயாளியின் கெண்டைக்காலிலிருந்தே ஒரு நரம்புத் துண்டை எடுத்து ஒட்டுவதைத்தான் அறுவை மருத்துவர்கள் இன்றும் முதலில் நினைப்பார்கள்.

உங்கள் அப்பாவுக்கு நரம்பு எங்கேயும் அறுபடவில்லை. கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். சர்க்கரை நோய் இந்த நீளமான இழைகளைத்தான் முதலில் தாக்கும். நுனியிலிருந்து பட்டுக்கொண்டே மேலே ஏறும், இரண்டு காலிலும் ஒரே சமயத்தில். ஊசி போடச் சொல்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஜெல்லை எந்த இடத்தில் வைப்பீர்கள்?” பதில் வராது. வந்தாலும் புரியாத பெயர்களாக வரும்.

கொழுகொம்பு நட்டால் கொடி படரும். வேருக்குத் தண்ணீர் போகாத கொடிக்குக் கொழுகொம்பால் என்ன பிரயோசனம்? நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. நரம்பிழைக்கு உறையிட்டுப் பாதுகாக்கும் ஷ்வான் செல்கள் சோர்ந்துவிட்டன. அதிகச் சர்க்கரையும் கொழுப்பும் இந்தச் சேதத்தைத் தினமும் செய்துகொண்டிருக்கின்றன. எந்த ஜெல்லை ஊசியில் ஏற்றினாலும் உள்ளே இதுதான் நிலைமை.

அந்தக் கட்டுரைகளை ஒருமுறை கவனித்துப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் எலிக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். கணையச் செல்கள் அழிந்து சில நாளிலேயே சர்க்கரை ஏறும். அப்புறம் அந்த எலியின் தொடையில் ஓடும் சயாட்டிக் நரம்பைக் கத்தியால் வெட்டுவார்கள், அல்லது இடுக்கியால் நசுக்குவார்கள். அதன் பிறகுதான் குழாயோ, தண்ணீர் கோத்த ஹைட்ரோஜெல்லோ வைப்பார்கள். ஆக, அவர்கள் சோதிப்பது சர்க்கரை உள்ள உடம்பில் அறுந்த நரம்பு ஆறுமா என்பதை. உங்கள் கேள்வி சர்க்கரையே கெடுத்த நரம்பு மீளுமா என்பது. இரண்டும் வேறு வேறு. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பில் இந்த வித்தியாசம் காணாமல் போகும், தலைப்பில் எலியே காணாமல் போகும், மீதியை ஊசியை விற்கும் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். எலியில் நன்றாக வேலை செய்த நரம்பு வளர்ச்சிப் புரதத்தை ஊசியாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2000ல் முடிவு வந்தது: பலன் இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. கொலாஜன் பட்டை, வளர்ச்சிக் காரணி ஜெல் எல்லாம் சர்க்கரைப் புண்ணுக்கு அனுமதி பெற்றவை. பெகாப்ளெர்மின் என்ற வளர்ச்சிக் காரணி ஜெல்லுக்கு அமெரிக்காவில் 1997லேயே அனுமதி கிடைத்தது. அவை புண்ணை மூட உதவும், உணர்ச்சியைத் திருப்பித் தராது. அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டி ‘நரம்புக்கு’ என்று விற்பார்கள். சோதனைத் திட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். முறையான சோதனையில் மருந்துக்கு நோயாளி காசு கொடுப்பதில்லை. மருத்துவச் சோதனைகளின் பதிவேட்டில் எண் இருக்கிறதே என்பார்கள். எண் வாங்குவது அனுமதி வாங்குவது ஆகாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு வரும் மரப்பெல்லாம் சர்க்கரையால் வந்தது இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, ராத்திரி கையை உதறிக்கொண்டு எழுந்தால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கார்ப்பல் டனல் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாகவே வரும். நரம்பில் சைகை ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் வேகம் குறைவது தெரியும். அந்த இறுக்கத்தை விடுவிக்கும் சிறு அறுவை சிகிச்சை சர்க்கரை உள்ளவர்களுக்கும் பலன் தருகிறது. காலிலும் அப்படித்தான்: ஒரு பக்கம் மட்டும் மரத்தால், முன்பாதம் தொங்கினால், மரப்போடு முதுகுவலியும் இருந்தால், ‘சர்க்கரைதானே’ என்று விடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்பாவுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், பழைய வழிதான். எரிச்சலுக்கு டுலாக்செடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் இருக்கின்றன. வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இவை எரிச்சலை அடக்கும், மரப்பை நீக்காது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 அளவைப் பாருங்கள். அந்தக் குறைபாடும் இதே போல மரக்கவைக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும். சர்க்கரையைக் குறையுங்கள், ஆனால் தடாலடியாக வேண்டாம். சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தில் மிக வேகமாக இறங்கினால் நரம்பு வலி புதிதாகக் கிளம்புவது உண்டு.

15 வருடத்தில் அப்பாவின் காலுறையை எத்தனை மருத்துவர்கள் கழற்றச் சொல்லியிருப்பார்கள்? பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, ஐந்து நிமிடம் போதும். விலை உயர்ந்த ஸ்கேனுக்கு எழுதித் தருகிற கைக்குப் பாதத்தைத் தொட மட்டும் நேரம் கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட் நாற்காலி போட்டு உட்காருகிறார். அடுத்த முறை நீங்களே காலுறையைக் கழற்றிவிட்டு அப்பாவை உள்ளே அனுப்புங்கள்.

வீட்டில் தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குளிக்கும் தண்ணீரின் சூட்டை அப்பா காலால் பார்க்க வேண்டாம், வேறொருவர் கையால் பார்க்கட்டும். சிறு புண் தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கி, ஆனால் பெரிதாக வலியில்லாமல் இருந்தால், எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.