வீல் அலைன்மென்ட்டுக்கு 2,800 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி இருக்கிறது. 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன ஆடியில் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன், 22,000 ரூபாய் ஆனது. அதற்குள் இடதுபக்க முன் டயரின் உள்ஓரம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. நேராகப் போகும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியே நிற்கிறது. டயர் கடையில் 450 ரூபாய் கொடுத்து இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் மாறவில்லை. கோவையில் அலைன்மென்ட் வேலை மட்டுமே செய்யும் ஓர் இடத்தில் 2,800 ரூபாய் கேட்கிறார்கள். மாப்பிள்ளை 'பேசாம அங்கயே போங்க மாமா' என்கிறார். அவ்வளவு கொடுப்பது தகுமா? – வாசகர், தாராபுரம்

பதில்: இந்த வாரம் கொடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் வண்டியில் பார்க்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் பார்க்கும் திசையையும் சாய்வையும் சரிசெய்கிற வேலை, இரண்டு முறை செய்தும் அதே குறை இருக்கிறது என்றால், பெரும்பாலும் கீழே ஏதோ ஒன்று ஆடுகிறது, அல்லது வளைந்திருக்கிறது. ஈரோட்டில் 31 வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், முதலில் இதைப் பாருங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 9 மணி இடத்தில் ஒரு கை, 3 மணி இடத்தில் ஒரு கை வைத்து மாற்றி மாற்றித் தள்ளிப் பார்க்க வேண்டும். 'டொக் டொக்' என்று ஆட்டம் கொடுத்தால் டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) போயிருக்கிறது. 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. கடைசியாக லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புத் தண்டு வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கிற ரப்பர். இதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கடப்பாரைத் துண்டை வைத்து நெம்பினால்தான் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த புஷ்ஷைப் பற்றி நான் அழுத்திச் சொல்லக் காரணம் என் தங்கை வீட்டில் நடந்த கதை. மச்சான் வைத்திருந்தது ஒரு வேகன் ஆர். எட்டு மாதத்தில் முன் டயர் இரண்டும் போய்விட்டன. மூன்று முறை அலைன்மென்ட் செய்து, மூன்று சீட்டையும் கண்ணாடிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றிலும் எல்லா எண்ணும் பச்சை. 'மெஷினே சரின்னு சொல்லுதே மச்சான், அப்புறம் ஏன் தேயுது?' என்று கேட்டார். வண்டிக்கு அடியில் படுத்து நெம்பிப் பார்த்தேன். இடப்பக்க லோயர் ஆர்ம், பின்புற புஷ்ஷில் ஒரு விரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் போய் வந்தது. மேடையில் சும்மா நிற்கும்போது ஆர்ம் தன் இடத்தில் இருக்கிறது, மெஷின் பச்சை காட்டுகிறது. ரோட்டில் பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் பின்னால் இழுபட்டு, கோணம் மாறி, டயரைத் தேய்க்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. நிற்கிற வண்டியைத்தான் அது அளந்தது. ஆர்மை மாற்றிவிட்டு, அதே டயர் கடையில் அதே சாதாரண கட்டணத்துக்கு அலைன்மென்ட் செய்தோம். அடுத்து போட்ட டயர்கள் ஒழுங்காகத் தேய்ந்தன.

அந்த மூன்று முறையில் ஒரு முறையாவது யாராவது வண்டியைத் தூக்கிப் பார்த்திருந்தால் இரண்டு டயர் காசு மிஞ்சியிருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, ஆட்டம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2,800 ரூபாய்க்கு உங்கள் ஸ்விஃப்டில் என்ன கிடைக்கும்? அலைன்மென்ட் திரையில் வரிசையாக எண்கள் ஓடும். டோ என்பது மேலேயிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்ப்பது. கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்பது. காஸ்டர் என்பது ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பி வர உதவும் சாய்வு. இவற்றில் உங்கள் வண்டியில் ஸ்பானர் வைத்துத் திருத்த வழியுள்ளது முன்சக்கர டோ ஒன்றுதான். பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டு. அதில் திருத்துவதற்கு நட்டே கிடையாது. முன் கேம்பரில் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) போல்ட்டைத் தளர்த்தினால் ஒரு துளி நகரும், அவ்வளவுதான். வேகன் ஆர், ஆல்டோ, ஐ10 எல்லாம் ஏறக்குறைய இதே கதைதான்.

அதனால், அளப்பதற்கு நான்கு சக்கரம், திருத்துவதற்கு இரண்டு. இதற்கு நல்ல 3டி மெஷின் இருக்கிற டயர் கடையே போதும், வேலை செய்கிற தம்பி நிதானமானவராக இருந்தால்.

டோவை லேசாக எண்ணிவிடாதீர்கள். ஒரு சக்கரம் அரை டிகிரி மாறி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் உரசப்படுகிற கணக்கு வரும். 10,000 கிலோமீட்டருக்கு அது 87 கிலோமீட்டர். டயரைத் தார் ரோட்டில் 87 கிலோமீட்டர் குறுக்கே வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் ரம்பம் போலப் பிடிக்கும். அப்படி இருந்தால் டோ. ஓரம் மட்டும் மழமழவென்று போயிருந்தால் பெரும்பாலும் கேம்பர். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கேம்பர் மேல்தான் சந்தேகம்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள சீட்டை வாங்குங்கள். முன்பக்கம் இடது கேம்பரும் வலது கேம்பரும் ஒன்றுக்கொன்று அரை டிகிரிக்கு மேல் மாறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். எப்போதாவது பெரிய பள்ளத்திலோ நடைபாதைக் கல்லிலோ இடப்பக்கம் மோதியதா, ஞாபகப்படுத்திப் பாருங்கள். வளைந்தது ஸ்ட்ரட்டா, லோயர் ஆர்மா, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளா என்று பார்த்து மாற்ற வேண்டும். 'கேம்பர் கரெக்‌ஷன்' என்று சொல்லி ஹைட்ராலிக் ஜாக்கி போட்டு நெட்டித் தள்ளி, எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவரும் வேலைக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வளைந்த இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்தால் சீட்டில் எண் சரியாகும், இரும்பு பலவீனமாகும்.

ஸ்டியரிங் சாய்ந்து நிற்பதற்கும் இதே மாதிரி ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பார்க்க நேராக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். சரியான வேலை, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு பக்க டை ராடையும் சமமாகக் கொண்டுவருவதுதான்.

கோவைக்காரரிடம் போவதாக இருந்தால், அவரிடம் நீங்கள் காசு கொடுப்பது நேரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை டயர் கடையில் பின்னால் ஏழு வண்டி நிற்கும்போது ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். தனியாக இதையே தொழிலாகச் செய்கிறவர் ஒன்றரை மணி நேரம் எடுப்பார். முதலில் தானே ஓட்டிப் பார்ப்பார், காற்று பார்ப்பார், தூக்கி ஆட்டிப் பார்ப்பார். இதெல்லாம் அந்த 2,800-க்குள் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். 'உண்டு' என்றால் தகும். 'இல்லைங்க, பெரிய மெஷின், கம்ப்யூட்டர் ரிப்போர்ட் தருவோம்' என்று மட்டும் சொன்னால் தாராபுரத்திலேயே இருந்துவிடுங்கள்.

வேலை தெரிந்தவரா என்று பார்க்க நான் ஒரு விஷயத்தைக் கவனிப்பேன். டை ராடைத் திருப்புவதற்கு முன்னால், ஸ்டியரிங் ரேக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) ரப்பர் உறையைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பைத் தளர்த்துகிறாரா? தளர்த்தாமல் திருப்பினால் உறையும் சேர்ந்து துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், ரேக்கே கெட்டுப்போகும். பத்து விநாடி வேலை அது. அந்தப் பத்து விநாடியைச் செலவழிக்கிறவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

கேள்வி: இன்னோவா கிரிஸ்டா, குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன். எங்கே போனாலும் டோ மட்டும் வைத்துவிட்டு 'கேம்பர் எல்லாம் அட்ஜஸ்ட் ஆகாது' என்கிறார்கள். உண்மையா? – வாசகர், குன்னூர்

பதில்: உண்மை இல்லை தம்பி. உங்கள் வண்டியில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் பிடித்திருக்கும். கீழ் ஆர்ம் பிடிக்கிற இடத்தில், திருப்பினால் ஆர்மை நகர்த்துகிற கேம் போல்ட் இருக்கிறது. அதைத் திருப்பித்தான் கேம்பரும் காஸ்டரும் வைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், இரண்டும் சரியான பிறகுதான் டோ. அதனால்தான் நேரம் ஆகும், அதனால்தான் 'ஆகாது' என்று சொல்லிவிடுகிறார்கள். மலை ரோட்டு மழையில் ஓடுகிற வண்டியில் அந்த போல்ட் துருப்பிடித்து இறுகியும் போயிருக்கும். எண்ணெய் அடித்து ஊறவிட்டுப் பொறுமையாகக் கழற்றுகிற ஆள் வேண்டும். உங்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வேன், கூடுதல் காசு கொடுத்து நல்ல இடத்தில் செய்யுங்கள். நாள் முழுவதும் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற வண்டி, டயர் செலவு உங்கள் வருமானத்திலிருந்து போகிறது.

கேள்வி: எக்ஸ்.யூ.வி. 700 வைத்திருக்கிறோம். டயர் கடையில் அலைன்மென்ட் செய்யலாமா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகணுமா? – வாசகி, மதுரை

பதில்: பின்சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்கிற வண்டி உங்களுடையது. பின்பக்கத்தையும் சேர்த்துச் சரிபார்க்கத் தெரிந்த இடம் வேண்டும். முதலில் பின்சக்கரம், பிறகுதான் முன்சக்கரம். ஏனென்றால் வண்டி எந்தப் பக்கம் பார்த்துப் போகும் என்பதை முடிவு செய்வது பின்சக்கரம். உங்கள் மாடலில் முன் கண்ணாடிக்குப் பின்னால் ரோட்டைப் பார்க்கும் கேமரா இருந்தால், வேலை முடிந்ததும் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரையும் கேமராவையும் சரிபார்க்கும் கருவி அவர்களிடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கம்பெனிக்கே போங்கள்மா, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெரிய வண்டிகளில் விதிமுறையும் கடுமை. பி.எம்.டபிள்யூவின் பழைய மாடல்கள் சிலவற்றில் முன் சீட்டுகளில் தலா 68 கிலோ, பின் சீட்டில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ வைத்த பிறகுதான் அளக்கவே வேண்டும்.

கேள்வி: 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. அலைன்மென்ட் செய்தும் போகவில்லை. – வாசகர், திருநெல்வேலி

பதில்: அது பேலன்சிங் வேலை. அலைன்மென்ட் என்பது சக்கரம் பார்க்கிற திசை, பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது. நான்கு சக்கரத்தையும் கழற்றி பேலன்ஸ் செய்யுங்கள். மெஷினில் சுற்றும்போது பக்கத்தில் நின்று ரிம் ஓரத்தையே பாருங்கள். மேலும் கீழும் அலைந்தால் ரிம் பெண்ட். ஈயம் எவ்வளவு ஒட்டினாலும் ஆட்டம் போகாது.

கேள்வி: 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டாயம் அலைன்மென்ட் செய்ய வேண்டுமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: வண்டி நேராகப் போய், டயர் சமமாகத் தேய்ந்தால் அவசியமில்லை. 10,000-க்கு டயரை இடம் மாற்றும்போது கூடவே பார்த்தால் போதும். டயர் மாற்றினாலோ, சஸ்பென்ஷனில் கை வைத்தாலோ, பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ உடனே பாருங்கள். இன்னொன்று, நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கையை விட்டால் வண்டி மெதுவாக இடப்பக்கம் நகர்வது இயல்பு. அதை மட்டும் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சரிவில்லாத சமமான ரோட்டிலும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுக்கிற பக்கமும் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட்டுக்கு எடுத்துப் போங்கள்.