லண்டனில் மட்டும் பத்திரமா?

கேள்வி: 3,000 ஆண்டுப் பழைய தங்கக் காப்பைத் தன் அருங்காட்சியகத்துக்குள்ளேயே பறிகொடுத்த எகிப்து, பண்டைய மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடியை வெளிநாட்டுக்கு அனுப்ப மறுப்பது என்ன நியாயம்? லண்டனில் இருந்தால் பத்திரமாக இருக்குமே?

பதில்: அதே லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2,000 பொருட்கள் காணாமலும் களவும் போய், சேதமும் ஆன கதை 2023-ல் அம்பலமானதே, மறந்துவிட்டீர்களா?

முகமூடி ஊரைவிட்டே நகராத பொருள் அல்ல. 1972-ல் லண்டனில் 16 லட்சம் பேருக்கு மேல் அதைப் பார்த்தார்கள். அந்த வசூல், அஸ்வான் அணை நீரில் மூழ்கிக் கிடந்த ஃபிலே கோயில்களைக் காப்பாற்றப் போனது. பிறகு அமெரிக்கா, ஜெர்மனி. ஜெர்மனியில் துட்டன்காமன் கல்லறையின் செர்கெத் தேவி சிலை சேதமான பிறகுதான் எகிப்து கதவைச் சாத்தியது. பட்டுத் தெரிந்துகொண்ட முடிவு அது.

காப்பு விஷயத்தில் உங்கள் கோபம் சரி. எனக்கும் மனசு ஆறவில்லை. அமெனமோப் மன்னனுடைய காப்பு அது, லாபிஸ் லாசுலி என்னும் நீலநிறக் கல் மணி பதித்தது. 2025 செப்டம்பரில் ரோம் கண்காட்சிக்காகப் பொருட்களைச் சரிபார்த்தபோதுதான் இல்லாதது தெரிந்தது. கொள்ளைக் கூட்டம் ஏதும் வரவில்லை. சீரமைப்புக் கூடத்து ஊழியரே எடுத்தார் என்கிறது எகிப்து உள்துறை. வெள்ளிக் கடைக்காரர் கைக்குப் போய், நகைப் பட்டறைக்குப் போய், மற்ற நகைகளோடு உருக்கப்பட்டுவிட்டது. கடைசியாகக் கைமாறிய விலை 1,94,000 எகிப்திய பவுண்ட், ஏறத்தாழ 4,000 டாலர். அந்தக் கூடத்தில் கேமராவே இல்லை.

2014-ல் இதே முகமூடியின் தாடி கழன்றபோதும் இதே அலட்சியம்தான். அவசர அவசரமாக எபாக்ஸி பசை போட்டு ஒட்டி, வழிந்ததைச் சுரண்டிக் கீறலும் போட்டார்கள். மறு ஆண்டு நிபுணர்கள் அதைப் பக்குவமாகப் பிரித்து, தேன்மெழுகால் ஒட்ட வேண்டியிருந்தது.

ஆகவே பயணத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. அதற்காக முகமூடியை அயலாரிடம் ஒப்படைக்கச் சொல்வதும் தீர்வாகாது. 1922-ல் கல்லறையைத் திறந்ததிலிருந்து, அதன் 5,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் ஒரே இடத்தில் காட்சிக்கு வந்தது 2025 நவம்பரில்தான், கீசாவின் புதிய அருங்காட்சியகத்தில். அந்த வரிசையிலிருந்து முகமூடியை எடுத்துவிட்டால், அங்கே தேடி வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? மற்றவை போய் வரட்டும். ரோமுக்கு 130 பொருட்கள் போயினவே! எகிப்து அரசிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எல்லாச் சீரமைப்புக் கூடத்திலும் கேமரா பொருத்தியாயிற்றா? அங்கே வந்துபோகும் ஒவ்வொரு பொருளையும் அன்றாடம் ஏட்டில் பதிகிறார்களா?